முப்பதடித் தண்ணீர்

அத்தியாயம் 14

அங்கம்மா வீட்டைக் காலி செய்கிறாள் என்ற சேதியைக் கேட்டு, குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் குழாயடியில் நின்ற ரோசியைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். சடையங்குப்பத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாளாம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வண்டியாம். இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

நல்ல மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற இடம் சடையங்குப்பம். காலடிப்பேட்டையில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு ஒருத்தி அங்கே போகிறாள் என்றால், இங்கே அவளுக்கு என்ன கொடுமை நடந்திருக்க வேண்டும்? அதைச் செய்தவர் ரோசியின் கணவர் லூர்து. அதைக் கொடுமை என்று இன்று காலை வரை அவர் நினைத்ததே இல்லை.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூர்து துறைமுக ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். இருபத்திரண்டு வீடுகள் உள்ள அந்தச் சந்தின் நலச் சங்கச் செயலாளர். நல்ல மனுஷன். தான் நல்ல மனுஷன் என்பதில் அவருக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் கிடையாது, அதுதான் அவரிடம் உள்ள ஒரே குறை.

அங்கம்மாவின் கணவர் கோதண்டம் அவருக்கு ஒர்க் ஷாப் தோஸ்து. இருபது வருஷத்துக்கு முன்னால், ஊரே காலிக்குடத்தோடு அலைந்த ஒரு கோடையில், இரண்டு பேரும் சேர்ந்து கோதண்டத்தின் வாசலில் கையாலேயே பைப்பை முறுக்கி முறுக்கி போர் இறக்கினார்கள். முப்பதடியில் தண்ணீர் வந்தது. கடற்கரைக்கு அவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு ருசியான தண்ணீர். கோதண்டம் வாசலில் ஒரு குழாய் வைத்து, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஐந்து வருஷத்துக்கு முன் அவர் காலமான பிறகும் அங்கம்மா அந்தக் குழாயை மூடவில்லை. அதே தண்ணீரில் அரிசி ஊறவைத்து, இட்லி மாவு ஆட்டி விற்றுப் பிழைத்தாள்.

எட்டு மாதத்துக்கு முன் ரோசிக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. தண்ணீர் சரியாகக் குடிக்கிறீர்களா என்று மட்டும்தான் டாக்டர் கேட்டார். லூர்துவோ, கோளாறு தண்ணீரில்தான் என்று முடிவு கட்டிவிட்டார். அங்கம்மா வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து லேபுக்குக் கொண்டு போனார். ரிப்போர்ட்டில் உப்பு எக்கச்சக்கம் என்று வந்தது. சந்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தி, அங்கம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு, அதை உரக்கப் படித்தார். இந்தத் தண்ணீர்தான் தன் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது என்றார்.

மறுநாள் காலை அங்கம்மா குழாயைத் தானே மூடினாள், அந்த மோட்டாரை அப்புறம் தொடவே இல்லை. அடுத்த வாரம் அவளிடம் மாவு வாங்க ஒரு பாத்திரம்கூட வரவில்லை. மெட்ரோ தண்ணீர் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அதற்கும் யாரும் வரவில்லை. டிசம்பரில் சந்து முனையில் நூற்று எண்பது அடிக்குப் புதுப் பொதுப் போர் இறங்கியது. அதன் கல்வெட்டில் லூர்துவின் பெயர் இருக்கிறது.

இனி இன்றைய கதை.

காலை எட்டு மணி. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஏதோ காகிதம் தேவைப்பட்டு, ரூத் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள். ரூத், லூர்துவின் மகன் டெரிக்கைக் கட்டிக்கொண்டு ராயபுரத்திலிருந்து வந்த மூன்று மாத மருமகள். டெரிக் ஆறு மணிக்கே காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போய்விட்டான். அப்பாவின் ஃபைலில் எல்லாம் இருக்கும், தேடி எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

முக்கியம் என்று தான் நினைக்கிற எந்தக் காகிதத்தையும் லேமினேட் செய்துவிடுவது லூர்துவின் வழக்கம். ஃபைலைத் திறந்தால் எல்லாம் வழவழவென்று நழுவிக் கீழே விழுந்தன. கல்யாணப் பத்திரிகை, கரண்ட் மீட்டர் மாற்றிய கடிதம், அப்புறம் அந்தத் தண்ணீர் ரிப்போர்ட்.

ரூத்துக்கு அந்த ரிப்போர்ட்டைப் பற்றித் தெரியும். சந்தில் தெரியாதவர்கள் யார்? ஆனால் கண்ணால் பார்த்தது இன்றுதான். மணலியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லருக்குப் போகிற தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. தண்ணீரில் கடினத்தன்மை ஏறினால் பாய்லர் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்துவிடும், பிறகு குழாயே வெடிக்கும். அதனால் ஒரு நாளைக்குப் பத்து முறை அதையே பார்க்கிறவளுக்கு, கண் தானாகவே அந்த வரிக்குப் போனது.

மொத்தக் கடினத்தன்மை நூற்று எண்பது.

அச்சுப் பிழையோ என்று நினைத்தாள். மேலே பார்த்தாள். குளோரைடு ஆயிரத்து அறுநூறு. மொத்த உப்பு மூவாயிரத்துச் சொச்சம். மறுபடி கீழே பார்த்தாள். நூற்று எண்பதேதான். இவ்வளவு உப்புக்கு அது பல மடங்கு இருந்திருக்க வேண்டும்.

கடல் தண்ணீர் நிலத்துக்கடியில் கலந்தால் உப்பு மட்டும் தனியாக ஏறாது, கடினத்தன்மையும் கூடவே ஏறும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். இந்தக் காகிதத்தில் இருந்த தண்ணீர் அப்படிப்பட்டதே இல்லை. பஞ்சு மாதிரித் தண்ணீர், அதில் யாரோ ஒரு கரண்டி சமையல் உப்பைப் போட்டுக் கலக்கியிருக்கிறார்கள்.

ரூத் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கல்யாணத்துக்கு அங்கம்மா வராதது, லூர்து பத்திரிகையைக்கூடத் தானே கொண்டுபோய்க் கொடுக்காமல் டெரிக்கிடம் கொடுத்தனுப்பியது எல்லாம் நினைவுக்கு வந்தது.

சமையலறையில் குக்கர் ஏழாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. புதுப் போர் தண்ணீர் வந்த நாளிலிருந்து அந்தச் சந்தில் எந்த வீட்டிலும் பருப்பு ஒழுங்காக வேகவில்லை. செயலாளர் மனசு நோகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரோசியே கேன் தண்ணீரில்தான் திருட்டுத்தனமாகப் பருப்பு வேகவைப்பாள். இன்று கேன் தீர்ந்துவிட்டது.

ரூத் காகிதத்தை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"அத்தை, இந்த சாம்பிள மாமா எதுல எடுத்துட்டுப் போனாரு?"

ரோசி காகிதத்தைப் பார்த்தாள். காஸை அணைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே, இந்தக் கேள்விக்காக அவள் ஒரு மாதமாகக் காத்திருக்கிறாள் என்று ரூத்துக்குப் புரிந்துபோனது.

ஈஸ்டருக்குக் கோயிலில் மந்திரித்த தண்ணீரை எல்லோரும் கேனில் பிடித்து வருவார்கள். மந்திரித்த உப்பும் கொஞ்சம் கொண்டுவருவார்கள். தண்ணீர் தீர்ந்துபோனதும், மிச்ச உப்பை அந்த வெள்ளைக் கேனுக்குள்ளேயே போட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்துவிடுவது ரோசியின் அம்மா வீட்டுப் பழக்கம். அன்றைக்கு லூர்து செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, லேப் மூடிவிடுவான், ஒரு கேன் கொடு, கேன் கொடு என்று கத்தியிருக்கிறார். கையில் கிடைத்தது அந்தக் கேன்தான். உப்பை ஒரு காகிதத்தில் கொட்டிக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்ததைக் கழுவாமல் கொடுத்துவிட்டாள்.

"ஏன் அத்தை கழுவல?"

"மந்திரிச்சதுமா. சாக்கடைல ஊத்தக் கூடாது." ரோசி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்பால, மாதா கேன்ல போனா நல்ல ரிசல்ட்டா வரும்னு நெனச்சேன். சத்தியமா அப்டிதான் நெனச்சேன்."

இதைக் கேட்டு ஒரு கணம் ரூத்துக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் அழுகை வந்தது.

லேபிலிருந்து திரும்பி வந்த கேனில் ரோசி மிச்ச உப்பை மறுபடி போட்டு வைத்திருந்தாள். இந்த ஈஸ்டருக்குப் புதுத் தண்ணீர் பிடிக்கக் கேனைத் திறந்தபோதுதான் ரோசிக்குப் பொறி தட்டியிருக்கிறது. அடியில் காய்ந்த உப்பு எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று கையால் தடவிப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாள். கணவரிடம் சொல்லம்மா என்றார் அவர். சொல்லவில்லை. சந்து முழுக்க அவர் பேச்சை நம்பி நடந்திருக்கும்போது அவரை எப்படித் தலைகுனிய வைப்பது என்று நாளைக் கடத்தினாள். அதற்குள் அங்கம்மா வீட்டைக் காலி செய்ய முடிவெடுத்துவிட்டாள்.

ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் அவள் மூட்டை கட்டியிருக்க மாட்டாள். ரோசி இதைத் தன் வாயாலேயே சொன்னாள், ரூத் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லூர்து புதுப் போர் மோட்டாரைப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு உள்ளே வந்தார். தினமும் காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை மோட்டார் ஓடும், எல்லா வீட்டுத் தொட்டியும் நிறையும். மோட்டார் ரூம் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். வந்தவர், பருப்பு வாசனை வரவில்லையே என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

ரோசி எதிரில் போய் நின்றாள். மருமகள் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவளைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

"கேன் நான் குட்த்தது. உள்ள உப்பு இருந்துச்சு, கழுவாம குட்த்தேன். ஈஸ்டருக்கே எனுக்குத் தெரிஞ்சிபோச்சு. வாய மூடிகினு இருந்தேன்."

லூர்துவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் லேபைத் திட்டினார், அவர்கள் கேனைப் பார்த்திருக்க வேண்டாமா என்றார். கொண்டுவந்து கொடுத்ததைத்தான் அவர்கள் சோதிப்பார்கள் என்று ரூத் மெதுவாகச் சொன்னாள். அடுத்து ரோசியைத் திட்ட வாயெடுத்தார். கேன் கொடு, கேன் கொடு என்று தான் கத்தியது அவருக்கே காதில் கேட்டிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டார்.

"அப்போ தண்ணில ஒண்ணுமே இல்லியா?" என்று ரூத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மாமா. எங்க பாய்லருக்கு இப்படி ஒரு தண்ணி கெடைச்சா நாங்க கொண்டாடுவோம்."

அவர் அந்த லேமினேட் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு வண்டி போய்விடும். போய்விட்டால் இந்த வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இது முடிந்துபோகும். லூர்து அப்படி யோசிக்கவே இல்லை என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். யோசித்தார். கல்வெட்டில் இருக்கும் பெயரை யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் தன்னைப் பார்க்கப் போகிற பார்வையை யோசித்தார். அப்புறம் கோதண்டத்தை யோசித்தார். பைப்பின் ஒரு கைப்பிடியை அவன் பிடிக்க, இன்னொன்றைத் தான் பிடித்து, மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்தது ஞாபகம் வந்தது. எழுந்து சட்டையை மாட்டினார்.

அங்கம்மா வீட்டு வாசலில் குட்டியானை லோடு வண்டி சீக்கிரமே வந்து நின்றிருந்தது. கிரைண்டரை ஏற்றியாகிவிட்டது. மருமகன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அங்கம்மா உள்ளே சமையலறையில் உட்கார்ந்து எவர்சில்வர் பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். லூர்துவைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

அவர் நின்றுகொண்டே சொன்னார். கேன், உப்பு, ரிப்போர்ட், ரூத் கண்டுபிடித்தது எல்லாவற்றையும் சொன்னார். தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துவிடு என்று முடித்தார்.

அங்கம்மா கையிலிருந்த தட்டைச் சாக்குக்குள் வைத்தாள்.

"தண்ணி நல்லாக் கீதுன்னு எனுக்கு எப்பவுமே தெரியும்ணா. உனுக்கும் தெரியும். இருவது வருசம் குட்ச்ச வாயி அது. உன் தோஸ்து கூட நின்னு நீயே எறக்குன பைப்பு. அதெல்லாம் வுட்டுட்டு ஒரு காயிதத்த நம்புன பாரு, அதான்ணா எனுக்கு ஆறல."

உப்பைப் பற்றிச் சொன்னால் கணக்கு நேராகிவிடும் என்று வழியெல்லாம் நினைத்து வந்த மனுஷன் லூர்து. அவள் கேட்டது உப்பைப் பற்றியே இல்லை.

"பாத்திரம் ஒண்ணுகூட வரல என் வாசலுக்கு," என்றாள் அவள். "ரோசிகூட வரல. எனுக்கு இன்னா கஷ்டம்னு ஒருத்தரும் கேக்கல. இப்ப சமையல்கட்டுல வந்து காதோட காதா சொல்றியே. அன்னிக்கி தெருவுல நாற்காலி போட்டுத்தான பட்ச்ச?"

"தெருவுலயே சொல்றேன்."

"சொல்லு. வண்டி நிக்கட்டும்."

பத்தரை மணிக்குச் சந்தில் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். லூர்து நாற்காலி போடவில்லை. கோதண்டம் வைத்த அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, அன்றைக்கு எவ்வளவு உரக்கப் படித்தாரோ அவ்வளவு உரக்கச் சொன்னார். தப்பு தண்ணீரில் இல்லை, தான் கொண்டுபோன கேனில் என்றார். ரோசியின் பெயரை எடுக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ரோசி முன்னால் வந்து, கேன் என்னுது, கழுவாதது நான்தான் என்று சொல்லிவிட்டு அங்கம்மா பக்கத்தில் போய் நின்றாள். அங்கம்மா நகர்ந்துகொள்ளவில்லை. லூர்துவுக்கு அந்த நேரத்தில் தன் மனைவியைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சங்கத்தின் உதவிச் செயலாளர் பீம்ராவ் தலையைச் சொறிந்தார். மாவு வாங்குவதை நிறுத்திய பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர், போகாதேக்கா, பாத்திரங்களை இறக்கு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அங்கம்மாவின் முகம் எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் இளகியது. மருமகனிடம் பாயைக் கீழே வைக்கச் சொன்னாள்.

அப்புறம் உள்ளே போய் மோட்டார் சுவிட்சைப் போட்டாள். எட்டு மாதம் ஓடாத மோட்டார் முனகிவிட்டு ஓடியது. குழாயில் முதலில் துருத்தண்ணீர் கொட்டியது, பிறகு தெளிந்தது. கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு டம்ளர் பிடித்து லூர்துவிடம் நீட்டினாள். இத்தனை பேர் முன்னால் நீயே குடித்துச் சொல் என்றாள்.

லூர்து சந்தோஷமாகவே வாங்கினார். ஒரு வாய் குடித்தார்.

உப்பு.

சந்தேகமே இல்லாத உப்பு. கடலில் குளிக்கும்போது தெரியாமல் வாயில் போகுமே, கிட்டத்தட்ட அந்த உப்பு. துப்ப முடியவில்லை. இருபது பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினார். அன்றைக்குப் பொய்யை உண்மை என்று அவ்வளவு சுலபமாகப் படித்தவர், இப்போது உண்மையைச் சொல்ல நாக்கு எழாமல் நின்றார்.

"இன்னாண்ணா?" என்றாள் அங்கம்மா.

அவள் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி மிச்சத்தைக் குடித்தாள். அவள் முகம் மறுபடி மூடிக்கொண்டதை ரூத் பார்த்தாள்.

ரூத்தும் ஒரு கை பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். வீட்டிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்துவரச் சொல்லி அந்தத் தண்ணீரில் தேய்த்தாள். நுரைக்கவில்லை, திரிந்த பால் மாதிரி பிசுபிசுத்தது. போன தடவை உப்பு கேனில் இருந்தது. இந்தத் தடவை உப்பு மண்ணுக்குக் கீழே இருந்தே வருகிறது.

"அப்போ அந்த ரிப்போர்ட்டு சரிதானே தலைவரே?" என்று பீம்ராவ் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. யார் கேட்டிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்கள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. இறக்கச் சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ரூத் விளக்கப் பார்த்தாள். கடலோரத்தில் மேலே இருக்கிற நல்ல தண்ணீர் மெல்லிசான ஒரு அடுக்குதான், சந்து முனையில் நூற்று எண்பது அடியில் பெரிய மோட்டார் வைத்து ஐந்து மாதமாக இழுத்ததில் அது வற்றி, உப்பு ஏறிவிட்டது, அன்றைக்கு ரிப்போர்ட் எடுத்தபோது இப்படி இல்லை, கடினத்தன்மை எவ்வளவு குறைச்சல் என்று பாருங்கள் என்றாள். யாரும் பார்க்கவில்லை. கடினத்தன்மை நூற்று எண்பது, குளோரைடு ஆயிரத்து அறுநூறு என்பதெல்லாம் அவர்களுக்கு என்ன? நாக்கில் உப்புக் கரித்தது, அது அவர்களுக்குப் போதும். அதோடு, தப்பு புதுப் போரில்தான் என்றால் நாளைக்கு யார் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்கும்?

லூர்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் அவர் பட்டதில்லை. அந்த ரிப்போர்ட்டால்தான் புதுப் போர் வந்தது. அந்தப் போர்தான் ரிப்போர்ட்டை உண்மையாக்கிவிட்டது. கோதண்டத்தின் தண்ணீரைத் தான் இரண்டு முறை கெடுத்திருக்கிறோம், முதல் தடவை சொல்லால், இரண்டாம் தடவை மோட்டாரால் என்று அவருக்கு இப்போது நன்றாக விளங்கியது. ஆனால் அது அவருக்கு விளங்கி என்ன பிரயோஜனம்?

அங்கம்மா மோட்டாரை அணைத்துவிட்டு வந்தாள். மருமகனைப் பார்த்துப் பாயை ஏற்றச் சொன்னாள்.

"அங்கம்மா, ஒரு வாரம் டைம் குடு," என்றார் லூர்து. "நான் இத்த சரி பண்றேன்."

"எத்தண்ணா சரி பண்ணுவ?" அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "அப்போ நல்ல தண்ணி இருந்துச்சு, கெட்டதுன்னு சொன்ன. இப்போ நல்லதுன்னு சொல்ல வந்த, தண்ணி இல்ல. அவுரு உயிரோட இருந்தா உன்ன ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாரு. அதான் எனுக்கு இன்னும் பேஜாரா கீது."

ரோசியின் கையை ஒரு முறை பிடித்து விட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள், தண்ணீர் நிறையக் குடி என்றாள். பிறகு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி சந்தை விட்டுத் திரும்பும் வரை ரோசி அங்கேயே நின்றாள்.

கூட்டம் கலைந்தது. பாவம் என்று சிலர் சொன்னார்கள். இருந்தாலும் நல்லவேளை, அந்தத் தண்ணீரை நிறுத்தினோம் என்றும் சிலர் சொன்னார்கள். லூர்து காதில் இரண்டும் விழுந்தது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. சந்து முனைக்கு நடந்தார். கல்வெட்டைத் தாண்டி மோட்டார் ரூமைத் திறந்தார். உள்ளே மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மணி பதினொன்றேகால், இன்னும் பாதி வீட்டுக்குத் தொட்டி நிறைந்திருக்காது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, எல்லா வீட்டிலும் துணி துவைக்கிற நாள். அவருக்கு இதெல்லாம் தெரியும், இந்த நேரத்தையெல்லாம் வகுத்தவரே அவர்தான்.

ரூத் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். இப்போது நிறுத்தினால் உடனே எதுவும் சரியாகிவிடாது மாமா, ஒரு மழைக்காலம் போக வேண்டும், இரண்டுகூட ஆகலாம், சரியாகாமலும் போகலாம் என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண்.

"தெரியும்மா," என்றார் லூர்து.

முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த கை. சுவிட்சை இறக்கி, மூன்று ஃப்யூஸ்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மோட்டார் மெல்ல மெல்ல அடங்கியது. சந்தில் அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு நிசப்தம் வந்து உட்கார்ந்தது.

முதலில் எதிர் மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, தண்ணீர் நின்றுவிட்டது, யார் மோட்டாரை அணைத்தது என்று கேட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து இன்னொருத்தி வெறும் பக்கெட்டோடு வெளியே வந்தாள். பீம்ராவ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்து வருவது தெரிந்தது.

லூர்து மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டு சந்தின் நடுவில் வந்து நின்றார்.

"நான்தான்," என்றார். "இனிமே ஓடாது."

மற்ற இருபது வீடுகளும் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன.